பழைய ஆம்ப், புது ஸ்பீக்கர்: கம்பியை மாட்டும் முன் இதைப் படிங்க

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பாம் ஷெல்டரின் மூலையிலிருந்து எதிர்பாராத பொருள் ஏதாவது வெளிவரும். சில வீடுகளில் அது தாத்தா காலத்து ஆம்ப்ளிஃபையர். வெள்ளி நிற முகப்பு, பெரிய வால்யூம் குமிழ், தூக்கினால் அரிசி மூட்டை கனம். இணையத்தில் யாரோ ஒரு ஜோடி ஸ்பீக்கரை மலிவாக விற்கிறார்கள். கம்பி வேண்டுமா? தேக்காவிலிருந்து பொடிநடையாகப் போனால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. கம்பி, பிளக், ஃபியூஸ், பழைய சாதனங்களுக்கான உதிரிப் பொருள்கள் எல்லாம் அங்கு கிடைக்கும்.

"ஸ்பீக்கர்தானே, மாட்டினா பாடப்போகுது" என்று தோன்றும். பெரும்பாலும் பாடும். சில வேளைகளில் பாட்டுக்குப் பதிலாகக் கருகிய வாடை வரும். அது ஏன் வருகிறது என்று தெரிந்துகொண்டால், எதை எங்கே மாட்டலாம், எதை மாட்டவே கூடாது என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

முதலில் ஒரு சின்னச் சொல் சிக்கல். தமிழில் 'ஒலிபெருக்கி' என்றால் பொதுவாக ஸ்பீக்கரைத்தான் சொல்கிறோம். ஆனால் பெருக்கும் வேலையைச் செய்வது ஆம்ப். ஸ்பீக்கர், வரும் மின்சாரத்தை ஒலியாக மாற்றுகிறது, அவ்வளவுதான். குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரையில் ஆம்ப், ஸ்பீக்கர் என்றே சொல்கிறோம்.

முடிவுசெய்வது யார்?

ஆம்ப்பின் பின்பக்கத்தில் '100 வாட், 8 ஓம்' என்று எழுதியிருந்தால், அந்தப் பெட்டி எப்போதும் 100 வாட் தள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஆம்ப் தருவது வோல்டேஜ். அந்த வோல்டேஜில் எவ்வளவு மின்சாரம் ஓடும் என்பதை முடிவுசெய்வது நீங்கள் மாட்டும் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைச் சொல்லும் அளவுதான் ஓம்.

கணக்கு எளிது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தர, ஆம்ப்புக்கு ஏறக்குறைய 28 வோல்ட் தேவை. அப்போது கம்பியில் ஓடுவது சுமார் 3.5 ஆம்பியர். அதே வால்யூமில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 7 ஆம்பியர் ஓடும். 2 ஓம் என்றால் 14. ஓம் குறையக் குறைய, ஆம்ப்பின் பாரம் கூடிக்கொண்டே போகிறது. கம்பியின் இரு முனைகளும் ஒன்றையொன்று நேரடியாகத் தொட்டுவிட்டால் ஓம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அதைத்தான் ஷார்ட் சர்க்கியூட் என்கிறோம். உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

ஆகவே முதல் வேலை, ஆம்ப்பின் பின்பக்கத்தையும் ஸ்பீக்கரின் பின்பக்கத்தையும் படிப்பது. ஆம்ப்பில் 'குறைந்தது 8 ஓம்' என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் வேண்டாம். மெதுவாக வைத்துக் கேட்டால் தாங்கலாம். விருந்தினர் வந்த அன்று வால்யூமை ஏற்றினால் தாங்காது. ஸ்பீக்கரின் ஸ்டிக்கர் உரிந்துபோயிருந்தால், மல்டிமீட்டரால் அளக்கலாம். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 8 காட்டாது. 6-ஐ ஒட்டித்தான் காட்டும். 4 ஓம் ஸ்பீக்கர் 3 அல்லது 3.5 காட்டும். மீட்டர் அளப்பது நேர் மின்சாரத்துக்கான தடையை மட்டும். பாட்டு ஓடும்போது அந்த அளவு ஒவ்வொரு சுருதிக்கும் மாறும். அதனால் "6 தானே காட்டுது, இது 6 ஓம் ஸ்பீக்கர்" என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இரண்டு ஜோடி மாட்டலாமா?

கூடத்தில் ஒரு ஜோடி, அறையில் இன்னொரு ஜோடி. பல பழைய ஆம்ப்களில் இதற்காகவே 'ஏ', 'பி' என்று இரண்டு வரிசை முனைகள் இருக்கும். இரண்டையும் சேர்த்து இயக்க 'ஏ + பி' என்று ஒரு பொத்தானும் இருக்கும். பொத்தான் இருக்கிறது என்பதற்காக அழுத்திவிடக் கூடாது.

பல ஆம்ப்களில் அந்தப் பொத்தான் இரண்டு ஸ்பீக்கரையும் பக்கவாட்டில் இணைக்கிறது. இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர் இப்படிச் சேர்ந்தால் ஆம்ப்புக்குத் தெரிவது 16 அல்ல, 4 ஓம். ஒரு வாசலுக்குப் பதில் இரண்டு வாசல் திறந்தால் கூட்டம் இரு மடங்கு போகுமல்லவா, அது மாதிரி. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கர் சேர்ந்தால் 2 ஓம். வீட்டு ஆம்ப் பலவற்றுக்கு அது ஆகாது. அதனால்தான் பின்பக்கத்தில் 'ஏ அல்லது பி: 4 முதல் 16 ஓம்; ஏ + பி: 8 முதல் 16 ஓம்' என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள். இரண்டாவது வரியையும் படியுங்கள்.

ஒரே ஒரு மெல்லிய இழை

ஸ்பீக்கர் கம்பிக்குள் இருப்பது ஒரு தடித்த செம்பு அல்ல, முடி போன்ற மெல்லிய இழைகளின் கட்டு. மேலுறையை உரித்து முனையில் நுழைக்கும்போது ஒரே ஓர் இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொட்டால் போதும், மேலே சொன்ன ஷார்ட் சர்க்கியூட் நடந்துவிடும். வீட்டில் பழுதாகும் ஆம்ப்களுக்கு இது ஓர் அற்பமான, ஆனால் சாதாரணமான காரணம். சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே சில ஆம்ப்களில் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது.

ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் உரியுங்கள். இழைகளை இறுக்கமாக முறுக்குங்கள். நுழைத்து இறுக்கிய பிறகு, கைப்பேசி விளக்கை அடித்து ஒவ்வொரு முனையாகப் பாருங்கள். கம்பியை மெல்ல இழுத்தும் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். வாழைப்பழ வடிவிலான பனானா பிளக் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. சில புதிய ஆம்ப்களில் பிளக் நுழையும் ஓட்டையைச் சிறிய பிளாஸ்டிக் மூடி அடைத்திருக்கும். ஐரோப்பாவில் சுவர் பிளக் பாயிண்டின் துளைக்குள்ளும் இந்தப் பனானா பிளக் நுழைந்துவிடும் என்ற பயத்தால் அந்த மூடியைப் போடுகிறார்கள். நம் ஊர் மூன்று முள் பிளக் பாயிண்டில் உள்ளே தடுப்பு இருப்பதால் அந்த ஆபத்து குறைவு.

கம்பியின் பருமன்? வீவக வீட்டுக் கூடத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம். 10 மீட்டர் தூரம் போய்த் திரும்பினாலும் அதன் தடை கால் ஓம்கூட வராது. டேபிள் விளக்கின் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை அதே தூரத்துக்கு இழுத்தால் முக்கால் ஓம்மை நெருங்கிவிடும். ஒலியின் ஒரு பகுதி கம்பியிலேயே வீணாகும். கடையில் கேட்கும்போது முழுச் செம்பா, அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சா என்று கேளுங்கள். பூச்சுக் கம்பி மலிவு. அதே பருமனில் தடை அதிகம். மற்றபடி மீட்டருக்கு நூறு வெள்ளி விலை சொல்லும் கம்பி உங்களுக்குத் தேவையே இல்லை. அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்கலாம்.

கறுப்பும் கறுப்பும் ஒன்றா?

சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மாறிப்போனால் என்ன ஆகும்? எதுவும் வெடிக்காது. ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக மாட்டப்பட்டால், ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். தாளத்தின் அடிநாதம் காணாமல் போகும். "தவில் சத்தம் ஏன் டப்பா தட்டுற மாதிரி இருக்கு?" என்றால் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பழைய ஆம்ப் பலவற்றில் இரண்டு பக்கத்துக் கறுப்பு முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். கம்பி மிச்சம் பிடிக்க, இரண்டு ஸ்பீக்கருக்கும் பொதுவாக ஒரே கறுப்புக் கம்பியை இழுத்தவர்கள் உண்டு. அப்போது அது ஓடியது. இப்போது கையளவில் மலிவாகக் கிடைக்கும் 'கிளாஸ் டி' ஆம்ப்களில் அதைச் செய்யவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் கறுப்பு முனையும் சும்மா இருப்பதில்லை. சிவப்பு ஒரு பக்கம் தள்ள, கறுப்பு எதிர்ப்பக்கம் இழுக்கும். இரண்டிலும் மின்னழுத்தம் உண்டு. இரண்டு கறுப்பையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு ஆம்ப் ஒன்றோடொன்று மோதுவதற்குச் சமம். கார் ஆம்ப்களுக்கும் இது பொருந்தும். ஸ்பீக்கரின் கறுப்புக் கம்பியை வண்டியின் உடம்போடு சேர்த்துவிடாதீர்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக இரண்டு கம்பி. இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

உள்ளேயே ஆம்ப் வைத்த ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. அவற்றின் பின்னால் மின் இணைப்பு வயர் இருக்கும். அதை வைத்து அடையாளம் காணலாம். அவை எதிர்பார்ப்பது ஒன்றிரண்டு வோல்ட்தான். ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையை அவற்றின் உள்ளீட்டில் செருகினால் உள்ளே இருப்பது போய்விடும்.

வால்வு ஆம்ப் வைத்திருப்பவர்களுக்கு விதி நேர்மாறு. டிரான்சிஸ்டர் ஆம்ப்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்தால் பொதுவாகப் பாதகமில்லை. கண்ணாடி வால்வு எரியும் ஆம்ப்பையோ அந்த வகை கித்தார் ஆம்ப்பையோ ஸ்பீக்கர் இல்லாமல் இயக்கி வாசித்தால், உள்ளிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுப்போகலாம்.

சுவரிலிருந்து வருவது 230 வோல்ட்

ஸ்பீக்கர் பக்கம் தவறு செய்தால் சாதனம் போகும். சுவர்ப் பக்கம் தவறு செய்தால் உயிருக்கே ஆபத்து.

தாத்தாவின் ஆம்ப் ஜப்பானிலிருந்து வந்ததென்றால் அது 100 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டதாக இருக்கலாம். அமெரிக்காவிலிருந்து வந்தது 120 வோல்ட். சிங்கப்பூரின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கதை முடிந்தது. பின்பக்கத் தகட்டில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருந்தால் அது எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். இந்தியாவிலிருந்து வந்ததில் வோல்டேஜ் பொருந்தும், வட்ட முள் பிளக் பொருந்தாது.

பிளக் பொருந்தவில்லை என்றால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? பேனாவையோ சாவியையோ மேல் துளையில் குத்தி, உள்ளிருக்கும் தடுப்பைத் திறந்து, இரண்டு முள் பிளக்கைத் திணிக்கிறோம். வீட்டுக்கு வீடு நடக்கும் வேலை இது. அந்தத் தடுப்பு இருப்பதே உயிருள்ள துளைகளை மூடி வைக்கத்தான். திணித்த பிளக் சரியாகப் பிடிக்காது. பிடிக்காத இடத்தில் சூடு ஏறும். பாதுகாப்புக் குறி உள்ள அடாப்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறது.  பழைய வயரின் உறை வெடித்தோ பிசுபிசுத்தோ இருந்தால் ஆன் செய்யாமல் மாற்றக் கொடுங்கள்.

"வீட்ல ஆர்சிசிபி இருக்கே, ஏதாவது ஆனா கட் ஆயிடும்" என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். அந்தக் கருவி அவசியமானது. 1985 ஜூலைக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகளில் அது கட்டாயம்; அதற்கு முந்திய வீடுகளும் 2025 ஜூலை 1-க்குள் பொருத்த வேண்டும் என்று எரிசக்திச் சந்தை ஆணையம் விதித்தது. ஆனால் அது என்ன பார்க்கிறது என்று கவனியுங்கள். சுவர் மின்சாரம் உங்கள் உடல் வழியாகவோ வேறு வழியாகவோ தரைக்குக் கசிந்தால் துண்டிக்கும். ஆம்ப்புக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஸ்பீக்கர் பக்கத்தைச் சுவர்ப் பக்கத்திலிருந்து பிரித்து வைக்கிறது. ஸ்பீக்கர் கம்பி ஷார்ட் ஆனால் அந்தச் செய்தி ஆர்சிசிபிக்குப் போய்ச் சேராது. அங்கே உங்களைக் காப்பாற்ற இருப்பது ஆம்ப்பின் சொந்த ஃபியூஸும் பாதுகாப்புச் சுற்றும் மட்டுமே. பழைய ஆம்ப் சிலவற்றில் பாதுகாப்புச் சுற்றே கிடையாது. அதனால்தான் ஃபியூஸ் போனால் அதே அளவுள்ள இன்னொன்றைப் போட வேண்டும். பெரியதைப் போடுவதும், வெள்ளித் தாளைச் சுற்றி வைப்பதும் கடைசிக் காவலாளியையும் வேலையிலிருந்து நீக்குவது போலாகும்.

மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

மண்டபத்தில் நீங்கள்தான் 'சவுண்ட்' பொறுப்பா?

பள்ளி இணைப்பாட நடவடிக்கையிலோ சமூக மன்ற நிகழ்ச்சியிலோ "நீ பார்த்துக்கோப்பா" என்று ஒலி அமைப்பை உங்களிடம் ஒப்படைக்கலாம். அங்கே இன்னொரு வகை இணைப்பைப் பார்ப்பீர்கள்: கூரையில் வரிசையாகப் பத்து இருபது ஸ்பீக்கர், எல்லாம் ஒரே இரட்டைக் கம்பியில். எட்டு ஓம் கணக்குப்படி அந்த ஆம்ப் எப்போதோ போயிருக்க வேண்டும். ஏன் போகவில்லை?

அது 100 வோல்ட் லைன் அமைப்பு. 40 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்ப 2 ஆம்பியருக்கு மேல் வேண்டும்; 100 வோல்ட்டில் அனுப்பினால் 0.4 ஆம்பியர் போதும். மெல்லிய கம்பியில் நெடுந்தூரம் போகலாம். ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும். ஆம்ப் ஓரிடம், ஸ்பீக்கர் வேறிடம் என்பது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. 1949-இல் இங்கு தொடங்கி 2012 வரை ஓடிய ரெடிஃபியூஷன் வானொலியே கம்பி வழியாகத்தான் வீடுகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் போனது. தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், சுவரில் தொங்கிய அந்தப் பெட்டி நினைவிருக்கும்.

இங்கே கணக்கிட வேண்டியது ஓம் அல்ல, வாட். ஒவ்வொரு ஸ்பீக்கரும் எத்தனை வாட்டில் வைக்கப்பட்டிருக்கிறது என்று கூட்டுங்கள். மொத்தம் ஆம்ப்பின் அளவுக்குள் கொஞ்சம் இடம் விட்டு இருக்க வேண்டும். வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை அந்த 100 வோல்ட் முனையில் மாட்டவே கூடாது. முழு வால்யூமில் அந்தக் கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். பாட்டுதானே ஓடுகிறது என்று விளையாடாதீர்கள்.

மேடை ஸ்பீக்கர்களில் இன்னொரு பொறி. கித்தார் வயரும் சில ஸ்பீக்கர் வயரும் ஒரே கால் அங்குல ஜாக்கில் முடியும். கித்தார் வயர் உள்ளே மெலிந்தது, ஸ்பீக்கருக்கு ஆகாது, சூடேறி உருகலாம். ஆம்ப் ஓடும்போது அந்த ஜாக்கை உருவினால் கணநேரம் ஷார்ட் ஆகவும் வாய்ப்புண்டு. செருகித் திருப்பிப் பூட்டும் ஸ்பீக்கான் பிளக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

வாட் பற்றி ஒரு தப்பெண்ணமும் உண்டு. "ஸ்பீக்கர் 100 வாட், ஆம்ப் 20 வாட்தான், என்ன ஆகப்போகுது?" சின்ன ஆம்ப்பை அதன் எல்லைக்கு மேல் முடுக்கினால் ஒலி அலையின் உச்சி வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் உயர்சுருதி மின்சாரம் கூடிவிடும்; அது போய்ச் சேருவது ஸ்பீக்கரில் மிக மெல்லிய சுருள் கொண்ட ட்வீட்டருக்கு. ஒலி கரகரத்ததும் வால்யூமைக் குறையுங்கள். கரகரப்போடு பத்து நிமிடம் பாடவிட்ட கல்யாணங்களில் ட்வீட்டர் எரிந்த கதை ஒலி அமைப்பாளர் எவரிடமும் இருக்கும்.

இனி ஆன் செய்யலாம்

பிளக் சுவரில் இல்லாதபோதே எல்லா இணைப்பையும் முடியுங்கள். வால்யூம் பூஜ்யத்தில். முதலில் கைப்பேசியோ சிடி பிளேயரோ ஆன் ஆகட்டும்; ஆம்ப் கடைசியில். அணைக்கும்போது ஆம்ப் முதலில். வரிசை மாறினால் ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் அடி விழும். தினமும் விழுந்தால் ஸ்பீக்கருக்கு நல்லதல்ல. ஆன் செய்த சில நொடியில் பல ஆம்ப்களுக்குள் 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உள்ளே எல்லாம் சரி என்று பார்த்துவிட்டு ஸ்பீக்கரை இணைக்கும் ரிலே அது. க்ளிக் வரவில்லை, அல்லது வந்து வந்து போகிறது என்றால் உடனே அணைத்துவிட்டுக் கம்பிகளை மறுபடி பாருங்கள். பாட்டு வராமல் ஸ்பீக்கரின் கூம்பு முன்னாலோ பின்னாலோ போய் அப்படியே நின்றுவிட்டால் ஆம்ப்பே பழுது. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போங்கள்.

பாட்டு வந்துவிட்டதா? ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டோடு பகிரும் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். அடிநாதம் கான்கிரீட்டில் நன்றாகவே பயணம் செய்யும். இரவில் அமைதி நேரம் உண்டு என்பதும் தெரிந்ததுதானே.

கடைசியாக ஒரு சோதனை. பாட்டு வேண்டாம், ஒலி 968-இல் செய்தி நேரத்தில் வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சம தூரத்தில் உட்காருங்கள். இணைப்பு சரியாக இருந்தால் செய்தி வாசிப்பவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவே உட்கார்ந்து பேசுவது போல் கேட்கும். குரல் எங்கிருந்து வருகிறது என்றே பிடிபடாமல், தலைக்குள் சுற்றுவதுபோல் இருந்தால் ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஆம்ப்பை அணையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள், ஒரே ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இரண்டு கம்பியையும் இடம் மாற்றி மாட்டிவிட்டு, மறுபடி கேட்டுப் பாருங்கள்.